சிபில்: சொல் விளக்கம்

டெல்டாவில் ‘சிபில்’ என்ற சொல் எட்டாத ஊர் இல்லை. டிராக்டர் லோன், மகளிர் குழுக் கடன், பைக் தவணை என்று எதைப் பேசினாலும் “சிபில் அடிவாங்கிடுச்சு” என்று ஒருவர் சொல்வார். 2025-இல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கப்படும் என்ற செய்தி வந்தபோது விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள்.

சரி, சிபில் என்றால் என்ன? அது ஒரு கம்பெனியின் பெயர். யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்ற விவரத்தை வங்கிகளிடமிருந்து வாங்கித் தொகுத்து வைப்பது அதன் வேலை. 2000-இல் தொடங்கிய ‘கிரெடிட் இன்ஃபர்மேஷன் பீரோ (இந்தியா) லிமிடெட்’ என்பதன் முதலெழுத்துகள். இப்போது ட்ரான்ஸ்யூனியன் சிபில். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய மூன்றும் இதே வேலையைச் செய்கின்றன.

கிரெடிட் என்பதன் வேர், நம்புதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல். நம் ‘கடன்’ வேறு வழியில் வந்தது. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற புறநானூற்று வரியில் அதற்குக் கடமை என்றே பொருள். திருப்பித் தர வேண்டியது என்ற பொருள்தான் இன்று முன்னே நிற்கிறது.

தமிழில் நிறுவனத்தைக் கடன் தகவல் நிறுவனம் என்றும், அது தருவதைக் கடன் தகவல் அறிக்கை என்றும், கடனை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்பதை வைத்துப் போடும் 300 முதல் 900 வரையுள்ள எண்ணைக் கடன் மதிப்பெண் என்றும் சொல்லலாம். ‘கடன் நாணயம்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். நாணயம் என்றால் நேர்மை. வங்கி தவறாகப் பதிந்துவிட்டால் கட்டியவரின் நேர்மையா குறைந்துவிடும்?

அறிக்கைக்குள் இருக்கும் ‘செட்டில்டு’ என்ற சொல் இன்னும் ஆபத்தானது. நம் பக்கத்தில் “செட்டில் பண்ணிட்டேன்” என்றால் பாக்கியில்லாமல் தீர்த்தாயிற்று என்று அர்த்தம். அறிக்கையிலோ, முழுத்தொகையும் வராமல் பேசி முடித்துக்கொண்ட கணக்கு என்று அர்த்தம். அடுத்த கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். முழுதாகக் கட்டிய கணக்கு ‘க்ளோஸ்டு’ என்றுதான் இருக்க வேண்டும். ஒரே தவணையில் தள்ளுபடியோடு முடிக்கச் சொல்லும்போது, எந்தச் சொல்லைப் பதிவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுதாகக் கட்டியும் தவறாகப் பதிந்திருந்தால்? இங்கேதான் ‘லையபிலிட்டி’ வருகிறது. பொதுவாகப் பொறுப்பு என்று பெயர்க்கிறோம். இந்த இடத்துக்கு ‘இழப்பீட்டுப் பொறுப்பு’ என்பதே பொருந்தும். கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-இல் வந்தது. திருத்தக் கேட்டால் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதில் கடன் தந்த வங்கிக்கு 21 நாள். மொத்தம் 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் புகார்தாரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. தாமதம் யாருடையதோ அவரே தர வேண்டும்.

100 ரூபாய் எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு குறுவைக்கு விதையும் உரமும் வாங்கக் காத்திருப்பவருக்கு அந்த 30 நாளே நாற்றங்கால் காலம் முழுவதையும் தின்றுவிடும். ஆனாலும், பிழைக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதாவது எழுத்தில் வந்திருக்கிறது.

அபராதம் வேறு, இழப்பீடு வேறு என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி நான்கு நிறுவனங்களுக்கும் அபராதம் போட்டது. ட்ரான்ஸ்யூனியன் சிபிலுக்கு மட்டும் 26 லட்சம் ரூபாய். அந்தப் பணம் கடன் வாங்கியவர் கைக்கு வராது. அவர் கைக்கு வருவது இழப்பீடு மட்டும்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும். தவறு தெரிந்தால் வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாளில் சரியாகவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. சேவைக் குறைபாடு என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட நுகர்வோர் ஆணையங்களிலும் வழக்குப் போடலாம்.