எடை குறைக்கற ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? ரூல்ல என்ன இருக்கு, ஃபைல்ல என்ன இருக்கணும்

பேரியாட்ரிக் சர்ஜரின்னு, அதாவது எடை குறைக்கற ஆபரேஷன்னு வாயைத் திறந்ததுமே "அதெல்லாம் அழகுக்காகப் பண்றது, கிளைம் வராது"ன்னு சொல்லி அனுப்பிடற ஏஜென்ட்டுங்க இன்னும் இருக்காங்க. ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்கி உக்கார்ற ஆளு, ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஆளு, அவங்ககிட்ட போய் அழகுன்னு பேசறது ரொம்பக் கொடுமைங்க. அதைவிடக் கொடுமை, அதை நம்பி பாலிசியை எடுத்துப் பார்க்காமலே நகையை வச்சு ஆபரேஷன் பண்ணிக்கறவங்க இருக்காங்க, இல்லன்னா பண்ணாமலே விட்டுடறாங்க.

ரூல் என்னன்னா, 2019 செப்டம்பர்ல ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற அரசு ஆணையம், எதுக்கெல்லாம் பணம் தர மாட்டோம்னு பாலிசில எழுதற பகுதிக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகத்தைக் கொடுத்துட்டாங்க. 2020 அக்டோபர்ல இருந்து விக்கற ஹெல்த் பாலிசில இந்த வாசகம்தான் இருக்கும். உங்க பாலிசி புக்லெட்ல எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதிக்குப் போங்க, 06ங்கற நம்பர்ல ஒபிசிட்டி, வெயிட் கண்ட்ரோல்னு தலைப்பு இருக்கும். மேலோட்டமா பார்த்தா 'கவர் இல்ல'ங்கற லிஸ்ட்லதான் இருக்கு, அதனாலதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க. உள்ள படிச்சாத்தான் தெரியும், கீழே சொல்ற நிபந்தனைகளைப் பூர்த்தி பண்ணாத சர்ஜரிக்குத்தான் பணம் கிடையாது, பூர்த்தி பண்ணா இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

நிபந்தனை நாலு. டாக்டர் சொல்லித்தான் சர்ஜரி பண்ணணும். பண்ற சர்ஜரி மருத்துவ நெறிமுறைப்படி ஏத்துக்கிட்டதா இருக்கணும், ஸ்லீவ் (இரைப்பைல பெரும்பகுதியை வெட்டி எடுக்கறது), பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கி குடலோட மாத்தி இணைக்கறது) மாதிரி வழக்கமானதுக்கு இதுல சிக்கல் வராது. வயசு 18 ஆகியிருக்கணும். நாலாவதுதான் முக்கியம், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 40 அல்லது அதுக்கு மேல இருக்கணும், இல்லன்னா 35 அல்லது அதுக்கு மேல இருந்து கூடவே நாலு நோய்ல ஏதாவது ஒண்ணு இருக்கணும்: உடல் பருமனால வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் அடைப்பு, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு தடைபடறது), கட்டுப்படாத டைப் 2 சுகர். இந்த பிஎம்ஐ 35 வகைக்கு மட்டும் இன்னொண்ணும் சேர்த்திருக்காங்க, சர்ஜரி இல்லாத வழில எடை குறைக்க முயற்சி பண்ணி அது பலிக்கலன்னு இருக்கணும். எழுத்தை அப்படியே படிச்சா 40க்கு மேல இருக்கறவங்களுக்கு இந்த 'முயற்சி பண்ணி பலிக்கல' நிபந்தனை ஒட்டாது, ஆனா நடைமுறைல அவங்ககிட்டயும் டயட் ரெக்கார்டு கேட்டு க்வெரி போடறது உண்டு, அதனால யாரா இருந்தாலும் கைல வச்சுக்கறது நல்லது.

மூட்டு தேய்மானம், ஃபேட்டி லிவர், பிசிஓடி, பிபி இதெல்லாம் அந்த நாலு நோய் லிஸ்ட்ல இல்ல. 36 பிஎம்ஐ இருந்து முட்டி வலில நடக்கவே முடியாத அம்மாவுக்கு இந்த ரூல்படி கிடைக்காது, இது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். இன்னொண்ணும் சொல்லணும், நம்ம ஆளுங்களுக்கு குறைஞ்ச எடைலயே சுகரும் இதய நோயும் வந்துடுதுன்னுதான் ஆசிய மருத்துவ வழிகாட்டிகள்ல பிஎம்ஐ 37.5, நோய் இருந்தா 32.5ன்னு சர்ஜரிக்கான அளவைக் கீழ இறக்கி வச்சிருந்தாங்க, அதுக்கப்புறம் வந்த உலக அளவிலான வழிகாட்டி அதையும் இறக்கிடுச்சு. இன்சூரன்ஸ் ரூல் மட்டும் பழைய 40, 35லயே நிக்குது. டாக்டர் 'பண்ணலாம்'னு சொல்றதுக்கும் கம்பெனி 'தரலாம்'னு சொல்றதுக்கும் நடுவுல இந்த இடைவெளி இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க.

இப்ப பிஎம்ஐ கணக்குக்கு வருவோம், இங்கதான் நிறைய ஃபைல் அடிபடுது. எடையை கிலோல எடுத்துக்கிட்டு, உயரத்தை மீட்டர்ல எடுத்து அதையே அதால பெருக்கி, அந்த எண்ணால எடையை வகுக்கணும். 160 செ.மீ. உயரம்னா 40 பிஎம்ஐக்கு 102.4 கிலோ, 35க்கு 89.6 கிலோ. எடையை எல்லாரும் மெஷின்ல ஏத்திப் பார்க்கறாங்க, உயரத்தை மட்டும் "உங்க ஹைட் என்னம்மா"ன்னு வாயால கேட்டு எழுதிக்கறாங்க. எங்க பெரியம்மா பொண்ணுக்கு அப்படித்தான் ஓபி சீட்டுல 162ன்னு எழுதிட்டாங்க, எடை 90, பிஎம்ஐ 34.3ன்னு வருது, கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தும் ப்ரீ-ஆத் (ஆபரேஷனுக்கு முன்னாடியே கம்பெனிகிட்ட கேக்கற அனுமதி) திரும்பி வந்துடுச்சு. செருப்பைக் கழட்டி சுவத்துல நிக்க வச்சு அளந்தா 158தான், அதே 90 கிலோவுக்கு பிஎம்ஐ 36. டாக்டர் கையெழுத்தோட திருத்தி திரும்ப அனுப்பினப்புறம்தான் ஏத்துக்கிட்டாங்க. நாலு சென்டிமீட்டர்தாங்க வித்தியாசம். அதனால வெறுங்கால்ல அளந்த உயரம், அன்னிக்கு எடை, தேதி மூணும் டாக்டர் லெட்டர்லயே இருக்கணும், ஓபி சீட்டு, டயட்டீஷியன் சீட்டு, அட்மிஷன் சீட்டு மூணுலயும் ஒரே உயரம் இருக்கான்னு நீங்களே பாருங்க.

இதோட ஒட்டின இன்னொரு சிக்கல். சர்ஜரிக்கு முன்னாடி ரெண்டு வாரம் போல குறைஞ்ச கலோரி டயட்ல வைப்பாங்க, பருமன் அதிகமா இருக்கறவங்களுக்கு ஈரல் வீங்கி வயித்தை மறைச்சுக்கிட்டு இருக்கும், அது கொஞ்சம் சுருங்கினாத்தான் லேப்ராஸ்கோப்பிக்கு (சின்ன ஓட்டை வழியா பண்ற சர்ஜரி) இடம் கிடைக்கும். அந்த டயட்ல எடை நல்லாவே இறங்கும், 35.5ல இருந்தவங்க அட்மிஷன் அன்னிக்கு 34.6னு நிப்பாங்க. டயட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்த எடையும் பிஎம்ஐயும், இது சர்ஜரிக்காகவே கொடுத்த டயட்ங்கற விவரமும் சர்ஜன் லெட்டர்ல இருந்தா கேள்வி வந்தாலும் பதில் சொல்லலாம், இல்லன்னா சிரமம்.

நோய்க்கான ஆதாரம் பத்தி. ஸ்லீப் ஆப்னியான்னா குறட்டை விடறாருன்னு எழுதினா போதாது, ராத்திரி முழுக்க எடுக்கற ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட் வேணும், ஒரு மணி நேரத்துல 30 தடவை அல்லது அதுக்கு மேல மூச்சு தடைபட்டாத்தான் மருத்துவத்துல 'கடுமையான'ன்னு சொல்லுவாங்க. சுகர்ல 'கட்டுப்படாத'ன்னு மட்டும் ரூல்ல இருக்கு, எண் எதுவும் போடல, அதனால கடைசியா எடுத்த ஒரே ஒரு எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) ரிப்போர்ட்டை வைக்காம வரிசையா எடுத்ததை எல்லாம் வச்சு, இத்தனை மாத்திரை இத்தனை யூனிட் இன்சுலின் போட்டும் இறங்கலன்னு சுகர் டாக்டர் எழுதின லெட்டரும் சேருங்க. இதயத்துக்கு எக்கோ, ஆஞ்சியோ ரிப்போர்ட். டயட்டுக்கு, டயட்டீஷியன்கிட்ட போன சீட்டு ஒவ்வொண்ணும், அதுல தேதியும் எடையும் இருக்கணும், எடை குறைக்கற மாத்திரையோ ஊசியோ டாக்டர் எழுதிக் கொடுத்து போட்டிருந்தா அந்த பிரிஸ்கிரிப்ஷனும் மெடிக்கல் ஷாப் பில்லும். இதுக்கெல்லாம் சர்ஜரி முடிவு பண்ணின அன்னிக்கு ஓடினா கிடைக்காது, இப்பவே ஒரு ஃபைல் போட்டு சேக்க ஆரம்பிங்க.

பிஎம்ஐ 50க்கு மேல இருக்கறவங்க விஷயம் தனி. மயக்க மருந்து, காலில் ரத்தம் உறையறது, அது நுரையீரலுக்குப் போறது, மூச்சுப் பிரச்சனை எல்லாமே இவங்களுக்கு ரிஸ்க் கூட, ஸ்லீப் ஆப்னியா இருந்தா சர்ஜரிக்கு முன்னாடியே சி-பாப் மெஷின் (மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பறது) போட்டுத் தூங்கப் பழக்குவாங்க. ஆபரேஷன் டேபிளும் ஸ்கேன் மெஷினும் அந்த எடையைத் தாங்குமான்னு ஆஸ்பத்திரில கேக்க வெக்கப்படாதீங்க, ஐசியு இருக்கற இடமா பாருங்க. சிலருக்கு ஒரே தடவைல பண்ணாம முதல்ல ஸ்லீவ் பண்ணி, எடை கொஞ்சம் இறங்கினப்புறம் அடுத்த கட்டமா பைபாஸ் பண்ணுவாங்க. அப்படி ப்ளான் இருந்தா முதல் ப்ரீ-ஆத்லயே 'இது ரெண்டு கட்டமா திட்டமிட்ட சிகிச்சை'ன்னு சர்ஜனை எழுதச் சொல்லுங்க, ரெண்டாவது தடவை போகும்போது எடை இறங்கியிருக்கும், அப்ப பிஎம்ஐ பத்தலன்னு சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

நிபந்தனை எல்லாம் சரியா இருந்தும் பணம் நிக்கற இடங்கள் வேற இருக்கு. வெயிட்டிங் பீரியட் (பாலிசி எடுத்து இவ்வளவு மாசம் கிளைம் கிடையாதுங்கற காலம்) பாருங்க, ஏற்கனவே இருக்கற நோய்க்கு இப்ப அதிகபட்சம் 36 மாசம்தான் வைக்கலாம், முன்னாடி 48 இருந்துச்சு, 2024ல குறைச்சாங்க. சில பாலிசில பேரியாட்ரிக்குக்குன்னு தனியா வெயிட்டிங்கும், இவ்வளவுதான் தருவோம்னு உச்சவரம்பும் இருக்கும், ரோபோட்டிக்கா பண்ணினா அதுக்குத் தனி வரம்பு இருக்கலாம், ரூம் வாடகை வரம்பைத் தாண்டின ரூம் எடுத்தா மொத்த பில்லுலயே விகிதாசாரமா வெட்டற பாலிசியும் உண்டு. ஆபீஸ்ல கொடுக்கற குரூப் பாலிசின்னா ஏற்கனவே இருக்கற நோய்க்கு வெயிட்டிங் இல்லாமலே இருக்க வாய்ப்பு அதிகம், ஹெச்ஆர்கிட்ட பாலிசி வாசகத்தையே மெயில்ல கேளுங்க, வாய் வார்த்தை வேண்டாம்.

பாலிசி எடுக்கும்போது ஃபார்ம்ல உயரம் எடை கேப்பாங்க, ப்ரீமியம் ஏறும்னு ஏஜென்ட் இருபது கிலோ குறைச்சுப் போடச் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. கிளைம் அன்னிக்கு அந்த ஃபார்மைத்தான் முதல்ல எடுப்பாங்க. விடாம 60 மாசம் பாலிசி ஓடியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சாலொழிய சொல்லாம விட்டதைக் காரணம் காட்டி மறுக்க முடியாதுங்கற பாதுகாப்பு இருக்கு, அதுக்கு முன்னாடி இல்ல.

கேஷ்லெஸ் (கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டறது) கேட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும், டிஸ்சார்ஜ் அன்னிக்கு மூணு மணி நேரத்துக்குள்ள ஃபைனல் ஓகே கொடுக்கணும்ங்கறது 2024 மே மாச சர்க்குலர். கேஷ்லெஸ் மறுத்தா கிளைமே போச்சுன்னு அர்த்தம் இல்ல, நாமளே கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போடலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் ஆயுசு முழுக்க எடுத்துக்க வேண்டிய பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி, புரோட்டீன் பவுடர் செலவு பெரும்பாலும் நம்ம கைக்காசுதான், எடை இறங்கினப்புறம் தொங்கற தோலை எடுக்கற சர்ஜரியும் காஸ்மெட்டிக்னு தள்ளிடுவாங்க, இதை முன்னாடியே கணக்குல எடுத்துக்கோங்க. அந்த மாத்திரைகளை மட்டும் காசு பார்த்து நிறுத்திடாதீங்க, நரம்பு வரைக்கும் பாதிக்கும்.

கிளைம் மறுத்துட்டா, பாலிசில எந்த நிபந்தனைப்படி மறுத்தாங்கன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, அதைக் கொடுக்க வேண்டியது அவங்க கடமை. முதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதணும், ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்லயோ 155255ங்கற ஃபோன் நம்பர்லயோ பதியலாம். ஒரு மாசம் ஆகியும் பதில் வரலன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்)கிட்ட போகலாம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை ஆபீஸ்தான். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் இழப்பீடு சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கு. கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள புகார் போயிடணும், அதே விஷயத்துக்கு நுகர்வோர் கோர்ட்ல கேஸ் போட்டிருந்தா ஆம்பட்ஸ்மன் எடுத்துக்க மாட்டார், அதனால எங்க போறதுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க.