சீமெந்து இல்லாமல் ஒட்டும் சுவர்

நானுஓயாவில் தரம் 10 படிக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "சுவீடனில் பனியாலேயே ஹோட்டல் கட்டுகிறார்களாம். சீமெந்து இல்லாமல் சுவர் எப்படி நிற்கும்? உள்ளே படுப்பவர்கள் விறைத்துப்போக மாட்டார்களா?"

பாதி விடை அவள் ஊர்ப் புல்லிலேயே இருக்கிறது. ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் நுவரெலியாப் பக்கம் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகும். காற்றிலுள்ள நீராவி தண்ணீராகாமல் நேரே பனிக்கட்டியாகப் படியும். சின்ன வயதில் அம்பேவெலயில் ஒரு விடியற்காலை அந்த வெள்ளைத் தூளைச் சுரண்டி ஒரு செம்பில் சேர்த்தேன். போடும்போது சீனி போலச் சரசரத்தது. செம்பைத் திண்ணை நிழலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து கவிழ்த்தேன். தூள் கொட்டவில்லை. செம்பின் வடிவத்திலேயே ஒரு கட்டி பொத்தென்று விழுந்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை, அழுத்தவும் இல்லை.

சுவீடனின் யுக்காஸ்யார்வி கிராமம் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே டோர்னே ஆற்றின் பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் கட்டும் ஹோட்டல், வசந்தத்தில் உருகிப்போகும். அடுத்த குளிர்காலத்தில் திரும்பவும் கட்டுவார்கள். சீனாவின் ஹார்பினில் சொங்ஹுவா ஆற்றுப் பனிக்கட்டியில் கோபுரங்களே எழும்பும். ரஷ்யாவில் 1740இல் பேரரசி அன்னாவுக்காகக் கட்டிய பனி மாளிகையில் கட்டிகளுக்கு இடையே தண்ணீர் ஊற்றி உறையவிட்டு ஒட்டினார்கள். அது எளிதாகப் புரிகிறது. தண்ணீரே ஊற்றாமல் தூள் எப்படிச் சுவராகிறது?

பனிக்கட்டியைத் திடப்பொருள் என்று படித்திருக்கிறோம். சரிதான், ஆனால் அது உருகும் விளிம்பிலேயே வாழும் திடப்பொருள். மைனஸ் 5 பாகை என்பது, இதைவிடக் கீழே போகவே முடியாத குளிரிலிருந்து எண்ணும் கெல்வின் கணக்கில் 268. உருகுவது 273இல். உருகுநிலையை இரும்பு இதே விகிதத்தில் நெருங்க வேண்டுமென்றால் அதைச் சுமார் 1,500 பாகைக்குச் சூடாக்க வேண்டும்! கொல்லன் உலையில் சிவந்திருக்கும் இரும்பைவிட எவ்வளவோ சூடு அது. கைக்கு விறைக்கிற பனிக்கட்டி, தன் கணக்கில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

அதனால் அதன் மேற்பரப்பில் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. இரண்டு பனித் துணுக்குகள் ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். துருத்திக்கொண்டிருக்கும் நுனியில் உள்ள மூலக்கூறைப் பிடித்துவைக்கப் பக்கத்தில் ஆட்கள் குறைவு. அது எளிதாகக் கழன்று ஆவியாகும். இரண்டு துணுக்கும் தொடும் குழிவான இடத்திலோ எல்லாப் பக்கமும் அயலவர்கள். அங்கே போய் உட்காரும் மூலக்கூறு எழும்புவதில்லை. நுனி தேயத் தேய, தொடும் இடத்தில் ஒரு கழுத்து தடிக்கிறது. இலட்சக்கணக்கான துணுக்குகளுக்கிடையே இப்படிக் கழுத்துகள் வளர்ந்தால் தூள் சுவராகிவிடும். என் செம்பில் நடந்ததும் இதுதான். உருகாமலே ஒட்டும் இதை விஞ்ஞானிகள் சின்டரிங் என்கிறார்கள். மட்பாண்டம் சூளையில் இறுகுவதிலும் இதற்குப் பங்குண்டு.

இனுயிட் மக்கள் இக்லூவுக்குப் புதுப்பனியை எடுப்பதில்லை. காற்றடித்து இறுகிய பனியைத் தேடி வெட்டுவார்கள். காற்று படிகங்களின் கைகளை ஒடித்துச் சிறு மணிகளாக்கி நெருக்கிவிடுவதால் கழுத்துகள் வேகமாக வளரும். சுவீடன் ஹோட்டலில் பனியும் பனிக்கட்டியும் கலந்த 'ஸ்னைஸ்' என்ற கலவையை இரும்பு அச்சின் மேல் வாரி அடித்து, இறுகியபின் அச்சைக் கழற்றுகிறார்கள். வளைவான கூரை தானாகவே நிற்கிறது.

அப்புறம் அந்தக் குளிர். பனிக்குள் அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. வெளியே மைனஸ் 30 என்றாலும் ஹோட்டலுக்குள் மைனஸ் 5 முதல் 8 வரைதான். துருவ மான்தோல் விரித்து, தடித்த உறக்கப் பைக்குள் படுத்தால் விறைக்காது.

இதே உறைபனிதான் நம் தோட்டங்களில் கொழுந்தைக் கருக்குகிறது, கொழுந்து பறிப்பவர்களின் வேலையைக் கெடுக்கிறது. மலையகத்தின் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் ஒரு நல்ல வெப்பமானியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொடுக்க அரசிடம் காசு இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். எந்தப் பள்ளத்தில் எந்த இரவு உறைகிறது என்று பிள்ளைகளே எழுதிவைப்பார்கள்.

தங்கச்சி, அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டு, ஒன்றை விரலால் தள்ளி மற்றதைத் தொடவை. பிறகு ஒன்றை மட்டும் மெதுவாக இழுத்துப் பார். மற்றதும் கூடவே வரும்.