கச்சான் காற்றும் கம்பத்துப் பீங்கானும்: கடலோர மின்சாரத்தைத் தின்னும் உப்பு

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி பக்கம் செங்கப்படையில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் ஓடுகிறது. ஏறக்குறைய 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகைகள். வழுதூரில் எரிவாயு மின் நிலையம், இரண்டு அலகும் சேர்ந்து 187 மெகாவாட். அதற்கான எரிவாயுவும் இந்த மாவட்டத்து மண்ணுக்கடியில் கிடைப்பதுதான். தெற்கே போனால் தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1,050 மெகாவாட், அதையும் தாண்டினால் கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள். "இத்தனை ஆலை சுற்றியிருந்தும் பனிக்கால விடியற்காலையில் எங்கள் தெருவில் மட்டும் ஏன் கரண்ட் போகிறது?" தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோரத்தில் யார் கேட்டாலும் நியாயமான கேள்வி.

ஆலை பக்கத்தில் இருப்பதால் அதன் மின்சாரம் நேரே நம் வீட்டுக்கு வந்துவிடாது. கமுதியில் உற்பத்தியாவது 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வழியாக மாநிலம் முழுவதற்குமான தொகுப்பில் கலக்கிறது. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. அந்தக் கணக்கில் பகலுக்குச் சூரியன், மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை, பொழுது சாய்ந்தபின் நிலக்கரி, அணு, நீர் மின்சாரம், வெளியிலிருந்து வாங்குவது என்று மாறி மாறித் தாங்குகின்றன. சூரியன் இறங்கும் அதே ஆறு, ஏழு மணிக்குத்தான் ஊரெல்லாம் விளக்குப் போடுகிறோம். அதனால் மோட்டாரைப் பகலில் ஓட்டுவது தொகுப்புக்கு உண்மையிலேயே உதவி.

ஆனால் விடியற்காலை மின்தடைக்கு ஆலைகள் காரணம் இல்லை. பெரும்பாலும் நம் ஊர் எல்லையில் நிற்கும் 11 கிலோவோல்ட் கம்பத்தில்தான் கோளாறு. அங்கே கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரில் உப்பு படிந்திருக்கும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே மழை கிடையாது. அலையிலிருந்து கிளம்பும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத்தூளாகி, செம்மண் புழுதியோடு சேர்ந்து பீங்கானின் அடிமடிப்பில் அப்பிக்கொள்கின்றன. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ஆவணி வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சிறு தூறலோ பனியோ இறங்கினால் அந்தப் படிவு ஈரமாகிறது, பீங்கானின் மேற்பரப்பிலேயே மின்சாரம் கசியத் தொடங்குகிறது. கசிவின் சூட்டில் சில இடங்கள் மட்டும் காய்கின்றன. முழு மின்னழுத்தமும் அந்தக் குறுகிய காய்ந்த பட்டையின் மேல் ஏறுவதால் அங்கே பொறி பறக்கிறது. பொறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கம்பிக்கும் கம்பத்துக்கும் பாலம் போட்டுவிட்டால் ஃபீடர், அதாவது ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன், விழுந்துவிடும் (தானாகத் துண்டித்துக்கொள்ளும்). கனமழை உப்பைக் கழுவிவிடும். பனியும் தூறலும் நனைத்துவிட்டு அப்படியே விட்டுவிடும். அடைமழையில் தாங்கிய லைன் மார்கழிப் பனியில் விழுவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு உண்டு. பீங்கானின் மேற்பரப்பு வளைவுகளை அளந்தால் கிடைக்கும் கசிவுப் பாதையின் நீளம்தான் முக்கியம். மாசு மிகுந்த கடலோரத்துக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் என்பது அளவு. 11 கிலோவோல்ட் லைனின் உச்ச அழுத்தமான 12-ஐக் கொண்டு பெருக்கினால் 372 மில்லிமீட்டர். உள்நாட்டில் போடும் சாதாரண பீங்கானுக்கு இந்த நீளம் இருக்காது. சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர் இன்னும் நல்லது, அதில் தண்ணீர் படலமாகப் பரவாமல் தாமரை இலையில் போல முத்து முத்தாக நிற்கும். கம்பியிலும் தேர்வு இருக்கிறது: உள்ளே எஃகு இழை வைத்த அலுமினியக் கம்பியில் உப்பு நுழைந்து எஃகை அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் அறுந்து விழும். முழுக்க அலுமினியக் கலவையில் செய்த கம்பி கடலோரத்தில் நீண்டநாள் உழைக்கும். கிராமசபையில் மின்தடை பற்றி மனு கொடுக்கும்போது "அடிக்கடி கரண்ட் போகிறது" என்று மட்டும் எழுதாமல், கம்ப எண்ணோடு "கடலோரத்துக்கான இன்சுலேட்டர் மாற்றித் தரவும்" என்று எழுதுங்கள். கேட்பது இன்னதென்று தெரிந்தால் வேலை நகரும்.

இரவில் கம்பத்து உச்சியில் நீலப் பொறியோ, 'கிர்ர்' என்ற இரைச்சலோ இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். கம்பத்தையும் அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியையும் தொடாதீர்கள், ஆட்டைக் கட்டாதீர்கள், வலை காயப்போடாதீர்கள். அறுந்த கம்பி தரையில் கிடந்தால் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். உப்பு ஊறிய ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஏற்கெனவே அருகில் மாட்டிக்கொண்டவர் எட்டு வைத்து ஓடக் கூடாது. இரு பாதங்களையும் ஒட்டி வைத்துத் தரையை விட்டு எடுக்காமல் தேய்த்தபடி நகர வேண்டும்.

வீட்டுக்குள் வரும்போதும் உப்பு விடுவதில்லை. வெளியிலிருந்து வரும் அலுமினிய சர்வீஸ் வயரும் வீட்டின் செம்பு வயரும் சேரும் முறுக்கில், ஈரத்தோடு உப்பு சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அங்கே இரு உலோகத்துக்கும் ஏற்ற லக் (வயர் நுனியில் பொருத்தும் உலோக முனை) போடாமல் வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது தவறு. மும்முனை இணைப்புள்ள வீட்டில் அந்த முறுக்கு நியூட்ரலில் விட்டுப்போனால், ஓர் அறையில் விளக்கு மங்கும், அடுத்த அறையில் கண் கூசும். அப்படிக் கண்ட உடனே மெயினை அணைத்துவிடுங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த பிரிட்ஜின் மேல் 400 வோல்ட் வரை ஏறலாம்.

எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது பழைய வழக்கம். கடலோரத்தில் உப்பு வேண்டவே வேண்டாம், நிலத்தடி நீரே ஜி.ஐ. குழாயைச் சில வருடத்தில் தின்றுவிடும். செம்பு பூசிய கம்பியும் பென்டோனைட் களிமண்ணும் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அளந்து 5 ஓமுக்குள் வைத்திருங்கள். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்கி நேர் இணைப்புக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது விழுவதே உயிரைக் காக்கத்தான். கடலைப் பார்த்த சுவரில் உள்ள சுவிட்சுக்குள் ஈரம் இறங்கியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது மாடிக்கு மாடி சோலார் வருகிறது. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இடம் சுமார் 300 சதுர அடி, நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் எதிர்பார்க்கலாம். வெயிலுக்கு இங்கே குறைவில்லை, ஆனால் 25 வருடம் என்று சொல்லி விற்ற அமைப்பு ஐந்தாறு வருடத்தில் படுப்பது இரும்பிலும் இணைப்பிலும்தான். பலகைக்கு ஐ.இ.சி. 61701 என்ற உப்புப்பனிச் சோதனைச் சான்று உண்டா என்று கேளுங்கள். தாங்கிகள் சூடான துத்தநாகத்தில் தோய்த்து 80 மைக்ரான் பூச்சு ஏறியவையாக இருக்க வேண்டும். மாடியில் வைத்து வெட்டித் துளைபோட்டால் அந்த விளிம்பிலிருந்துதான் துரு கிளம்பும், உடனே துத்தநாக பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். போல்ட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 கொஞ்சம் மலிவு, ஆனால் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

வேலை பாதியில் நின்றால் பலகை வயர்களைச் சேர்க்கும் எம்.சி.4 இணைப்பிகளை மூடிபோடாமல் ஓரிரவுகூட விடக் கூடாது. உள்ளே போன உப்பு பின்னால் சூடாகி உருக்கும். ஒரு கம்பெனியின் ஆண் முனையை இன்னொரு கம்பெனியின் பெண் முனையோடு சொருகுவதும் அதே விபத்தில்தான் முடியும். ஓடும்போது கையால் பிடுங்கவே கூடாது, பலகையிலிருந்து வரும் டி.சி. (நேர் மின்சாரம்) பொறி, வீட்டு ஏ.சி. (மாறு மின்சாரம்) பொறியைப் போலத் தானாக அணையாது. நிறுத்தும்போது முதலில் ஏ.சி. பக்கம், பிறகு டி.சி. பக்கம். டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரைக் கடலுக்கு முதுகு காட்டும் நிழல் சுவரில் மாட்டுங்கள்.

கழுவுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கிணற்று உவர்நீரை ஊற்றினால் காய்ந்தபின் கண்ணாடியில் வெள்ளைப் படலம் நின்றுவிடும், துணியால் தேய்த்தால் கீறல். பலகைக்கு இரண்டு மூன்று லிட்டர் நல்ல தண்ணீர் போதும், மழைநீர் சேமித்திருந்தால் அதுவே சிறந்தது. கச்சான் காலத்தில் வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன். கீழ் விளிம்பில் சேறு கட்டி நிற்கும் இடத்தையும் காக்கை எச்சத்தையும் விட்டுவைத்தால் அந்தச் செல் மட்டும் சூடாகிக் கருகும்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே என்று பலர் கோபப்படுகிறார்கள். பேட்டரி இல்லாத அமைப்பு அப்படி நிற்கத்தான் வேண்டும்: நிற்காவிட்டால் உங்கள் மாடியின் மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி 11,000 வோல்ட்டாகி, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரைத் தாக்கும். இன்வெர்ட்டருக்கு அந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது, ஜெனரேட்டருக்குக் கிடையாது. கல்யாண மண்டபத்திலும் ஐஸ் கம்பெனியிலும் லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைக் கோர்த்திருந்தால் இன்றே நிறுத்தி, சுவிட்சைப் போட்டபின் ஓட்டுங்கள்.