வெப்ப எக்கி: வயிற்றை எக்குவதும் பரணுக்கு எக்குவதும்

‘ஹீட் பம்ப்’ என்றதும் பலருக்கும் மனத்தில் வருவது ஒரு ஹீட்டர்தான். மொழிபெயர்ப்பவர்களில் சிலரும் ‘வெப்பமூட்டி’, ‘சூடேற்றி’ என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த வரியிலேயே ‘இந்த வெப்பமூட்டி கோடையில் வீட்டைக் குளிர்விக்கும்’ என்று வரும்போது படிப்பவருக்குத் தலை சுற்றும். பெயரின் முதல் பாதியை மட்டும் பார்த்ததால் வந்த வினை இது. வெப்பத்தை உண்டாக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் இந்தக் கருவியின் சூட்சுமம் எல்லாம் ‘பம்ப்’ என்ற பின்பாதியில் இருக்கிறது.

பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே கிடப்பதை மேலே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். தண்ணீர் தானாக ஓடினால் பள்ளத்துக்கு ஓடும். வெப்பமும் அப்படியே, தானாகப் போனால் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். அதை எதிர்த்திசையில் ஏற்றிவிட உழைப்பு வேண்டும். மின்சாரம் செலவாவது அந்த உழைப்புக்கு.

ஆங்கிலத்தில் ‘பம்ப்’ என்ற சொல் 15ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. கப்பலின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றிய மாலுமிகளின் பேச்சுச் சொல் என்றும், அந்தக் கருவி எழுப்பிய ஓசையே பெயராகியிருக்கலாம் என்றும் சொல்வார்கள். வெப்பத்தையும் இப்படி ஏற்றி இறக்கலாம், ஒரே எந்திரத்தால் கட்டடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யலாம் என்று 1852இல் எழுதியவர் வில்லியம் தாம்சன். பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவர் இவர்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கலைச்சொல்லாக ‘வெப்ப எக்கி’ ஏற்கெனவே இருக்கிறது. முதலில் கேட்கும்போது ஏதோ அகராதிச் சொல் போல ஒலிக்கும். ஆனால் ‘எக்கு’ நம் வாயில் தினமும் புழங்கும் வினைதான். ‘வயிற்றை எக்கு’ என்றால் உள்ளிழுப்பது. ‘பரணில் இருப்பதை எக்கி எடு’ என்றால் உயர்ந்து எட்டுவது. ஒரே வினைக்கு உள்ளிழுப்பதும் உயர்வதுமாக இரண்டு பொருள். ஹீட் பம்ப் செய்வதும் இந்த இரண்டு வேலையைத்தான். அதனால்தான் எனக்கு இந்தச் சொல்லின்மேல் தனிப் பிரியம்.

முதலில் உள்ளிழுப்பு. கருவியின் குழாய்க்குள் மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஒரு பொருள் சுற்றிவருகிறது. உதாரணத்துக்கு, சில கருவிகளில் பயன்படும் புரோப்பேன் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். வெளியே 0 டிகிரி என்றால் நமக்கு உறைபனி. புரோப்பேனுக்கோ அது அடுப்பு. (0 டிகிரி செல்சியஸ் என்பது வெப்பமே இல்லாத நிலை அல்ல, கெல்வின் அளவில் அது 273.) வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு அது ஆவியாகிறது. அடுத்தது உயர்வு. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்துகிறது, அழுத்த அழுத்தச் சூடு ஏறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சூடேறிய ஆவி வீட்டுக்குள் வந்து வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு ஒரு சிறு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, வெளியே கிளம்புகிறது.

கோடையில் நான்குவழி வால்வு ஒன்று சுற்றின் திசையைத் திருப்பிவிடும். வீட்டுக்குள்ளிருந்து வெப்பத்தை எக்கி, வெளியே கொட்டும். ஏசியும் ஃபிரிட்ஜும்கூட ஒருதிசை வெப்ப எக்கிகள்தான். ஃபிரிட்ஜின் பின்புறமோ பக்கவாட்டோ வெதுவெதுப்பாக இருப்பது உள்ளிருந்து எக்கிய வெப்பத்தாலும் கம்ப்ரசரின் சூட்டாலும்.

போட்டிக்கு வேறு சொற்களும் உண்டு. ‘வெப்பமேற்றி’ சொன்னால் மறுபடி ஹீட்டர் நினைவுதான் வரும். ‘இறைப்பி’ பொருளுக்கு வெகு பொருத்தம், ஆனால் புணர்ச்சி கெடுத்துவிடுகிறது: வெப்பம் + இறைப்பி, ‘வெப்பவிறைப்பி’ ஆகும். வெப்பத்தைத் தரும் கருவியின் பெயரில் குளிரில் விறைப்பது வந்து உட்கார்ந்துகொள்ளும்! ‘வெப்ப எக்கி’யையும் சேர்த்தெழுதினால் ‘வெப்பவெக்கி’ என்று நாக்கைச் சுழற்றும், பிரித்தே எழுதலாம். பேச்சில் ‘ஹீட் பம்ப்’ என்பதில் குற்றமில்லை. வெப்பத்தை எங்கிருந்து எக்குகிறது என்பதைப் பொறுத்து காற்றுமூல, நிலமூல, நீர்மூல வெப்ப எக்கி என்று முன்னொட்டு சேரும். சூரிச் நகரமன்றக் கட்டடத்தில் 1930களின் இறுதியில் நிறுவியது ஆற்றுநீரிலிருந்து எக்கியது.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘செயல்திறன் கெழு’. கெழு 3 என்றால், 1 யூனிட் மின்சாரம் கொடுத்து வீட்டுக்குள் 3 யூனிட் வெப்பம் பெறுகிறோம். மீதி 2 யூனிட் வெளியிலிருந்து எக்கியது. மின்ஹீட்டரில் 1 கொடுத்தால் 1தான். இதை ‘300 சதவீதத் திறன்’ என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை, ஏதோ மாயவித்தை போலத் தோன்றவைக்கும். வெளியே குளிர் கூடக் கூட எக்க வேண்டிய உயரமும் கூடும், கெழு இறங்கும்.

ஈரமான குளிரில் வெளிப்பெட்டியின் கம்பிச்சுருளில் பனி படியும். அப்போது கருவி சில நிமிடம் தன்னைத் திருப்பிக்கொண்டு வீட்டிலிருந்தே கொஞ்சம் வெப்பத்தை எக்கிப் பனியை உருக்கும். பெட்டியிலிருந்து வெண்ணிறமாக எழுவது புகை அல்ல, உருகும் பனியின் நீராவி.