உச்சந்தலையில் மட்டும் ஏன் முடி கொட்டுகிறது?

யாங்கோனில் அனோரதா சாலை காளி கோயில் பக்கம் நம்மவர்களிடம் கேட்டால், முடி கொட்டுவதற்கு உடம்புச் சூடு, போர் தண்ணீர் என்று காரணம் சொல்வார்கள். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்றும் சொல்வார்கள். வேண்டுதலுக்கு மொட்டை போடுவது வேறு விஷயம். சவரக்கத்தி தோலுக்கு மேலே உள்ள முடியைத்தான் எடுக்கிறது. ஆண் வழுக்கையின் வேலை நடப்பது தோலுக்கு உள்ளே.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஎச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. தாடியை வளர்க்கும் அதே டிஎச்டி, பரம்பரை வாகு உள்ளவர்களின் உச்சந்தலை மயிர்க்கால்களைச் சுருக்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் வளர வேண்டிய முடி சில மாதங்களிலேயே உதிரும். அடுத்து முளைப்பது இன்னும் மெல்லியதாக இருக்கும், கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சும். பிடரி முடியை இந்த ஹார்மோன் அசைப்பதில்லை. முழு வழுக்கையிலும் பின்னால் ஒரு வளையம் நிற்பது அதனால்தான்.

இந்த நொதியின் மகிமை டொமினிக்கன் குடியரசில் தெரியவந்தது. அங்கே ஒரு கிராமத்தில் பிறவியிலேயே இந்த நொதி குறைந்த ஆண்கள் இருந்தார்கள். டிஎச்டி குறைவால் பிறப்புறுப்பு சரியாக உருவாகாமல், பிறந்தபோது பெண் குழந்தை என்று எண்ணி வளர்க்கப்பட்ட சிலர், பருவ வயதில் ஆணாக மாறினார்கள். 1974இல் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) சிறியதாகவே இருந்தது, முன்வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு என்ற மருந்து 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தத்தில் உள்ள டிஎச்டியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அது குறைத்துவிடும்.

மினாக்சிடில் வேறு ரகம். இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைக்கவே, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். ஹார்மோனைத் தொடாமல், ஓய்விலிருக்கும் மயிர்க்காலை வளர்ச்சிக்குத் திருப்புகிறது. அப்போது பழைய முடிகள் மொத்தமாகக் கழன்று விழும். தடவிய முதல் வாரங்களில் சீப்பில் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத இடம் இது. மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அறிகுறி அது! குறைந்தது நாலைந்து மாதமாவது பொறுக்க வேண்டும். இரண்டில் எதை நிறுத்தினாலும் ஓராண்டுக்குள் பலன் போய்விடும்.

ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலுறவு நாட்டத்தைக் குறைக்கும், மனச்சோர்வும் தரலாம். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை அளவையும் அது பாதியாக்கிக் காட்டும் என்பதால், பரிசோதிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். காசு மிச்சம் என்று 5 மில்லிகிராம் மாத்திரையை வீட்டில் கத்தியால் நறுக்குபவர்கள், கர்ப்பிணி மனைவி அந்தத் தூளைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால், அதன் பிறப்புறுப்பு உருவாவதற்கே டிஎச்டி வேண்டும்.