துண்டை முறுக்கிக் கட்டினால் அடைப்பு கரையுமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் கிளினிக்குக்குப் போன மாதம் ஓர் அண்ணன் வந்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், வைத்து இரண்டு வருடமாகிறது. பிரஷர் பார்க்கச் சட்டைக் கையை மடித்தால் மேல்கையைச் சுற்றி ஒரு தழும்பு, அதற்குக் கீழே முழங்கை வரை பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்றுதான் நினைத்தேன். விரலால் அழுத்தினாலும் மறையவில்லை.

“என்னண்ணே இது?”

“வாட்ஸ்அப்ல வந்துச்சு டாக்டர். துண்ட முறுக்கி அஞ்சு நிமிஷம் கட்டணும், அப்புறம் அஞ்சு நிமிஷம் அவுத்து விடணும். அடைப்பு கரைஞ்சிடுமாம்.”

வெறும் புரளி என்று ஒதுக்கவும் முடியாது. 1986இல் அமெரிக்காவில் நாய்களின் இதய ரத்தக்குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். பிறகு 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தபோது, முன்பழக்கம் இல்லாத நாய்களுக்குச் செத்த தசையில் கால் பங்குதான் இவற்றுக்குச் செத்தது. கொஞ்சம் பட்டினி போட்டுப் பழக்கிய தசை பெரிய பட்டினியைத் தாங்குகிறது. இதயத்தைத் தொடாமல், கையில் பிரஷர் பட்டியைக் கட்டி 200 வரை ஏற்றி இறக்கினாலும் ரத்தம், நரம்பு வழியாக அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பது பின்னால் வந்த கண்டுபிடிப்பு. தசையைக் காப்பதுதான் நோக்கம். அடைப்பைக் கரைக்கும் பேச்சே இதில் இல்லை!

சரி, மனிதர்களுக்குப் பலித்ததா? பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியாவில் மாரடைப்பு வந்த 5,400 பேரிடம் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது: பலன் இல்லை. பக்கவாதத்தில் கதை வேறு. சீனாவில் சுமார் 1,800 பேரிடம் நடந்த ஆய்வில் (2022), 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, தினம் இரண்டு வேளை, 10 முதல் 14 நாள் வரை செய்தார்கள். மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியவர்கள் 100க்கு 67 பேர், செய்யாதவர்களில் 62. மறு வருடமே டென்மார்க்கில் ஆம்புலன்ஸிலேயே தொடங்கிப் பார்த்தார்கள், வித்தியாசம் தெரியவில்லை. என்னைக் கேட்டால், இன்னும் ஆராய்ச்சிக்காரர்கள் கையில் இருக்க வேண்டிய வைத்தியம் இது.

துண்டுக்கு அளவு ஏது? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர் வேறு. உண்மையில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்தப் புள்ளிகள் இல்லை. “கையிலதான் கட்டுறேனே” என்று மூன்று வாரமாக அந்த மாத்திரையையே நிறுத்தியிருந்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மறுபடி மாரடைப்பு. அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன்.

முகம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சு அழுத்தினால் பட்டியைத் தேடாதீர்கள், 999ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று எழுதி வையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அப்புறம், தோட்டத்து மண் ரோட்டில் ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றும். ஒரு பையனை மோட்டாரில் மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள்.