'பாதுகாக்கப்பட்ட மாறி': யாரிடமிருந்து பாதுகாப்பு?

வேலூர்க் கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். அங்கே அந்தச் சொல் சரி. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடலாம். கல்லைச் சிதைக்கத்தான் கூடாது. உடலியக்க மென்பொருள் பாடக் குறிப்புகளில், நிரலின் ஒரு பகுதியை யார் தொடலாம் என்று வரம்பிடும் 'புரொடெக்டட்' (protected) என்பதற்கும் இதே 'பாதுகாக்கப்பட்ட'தான் வந்து உட்காருகிறது. அங்கே நடப்பதோ நேர் எதிர். வெளியாள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. வாரிசு, அதாவது ஓர் இனக்குழுவிலிருந்து (class, நிரலில் ஒரு வகைப் பொருளின் வரையறை) பிறந்த இன்னொரு இனக்குழு, உள்ளே போய் மாற்றியே எழுதலாம்.

'புரொடெக்ட்' என்பதற்கு லத்தீனில் 'முன்னால் மூடுதல்' என்பது வேர்ப்பொருள். சி++ நிரல்மொழிக்கு முதலில் பொது, தனி என்று இரண்டு வரம்புகளே இருந்தன. புரொடெக்டட் பின்னால் சேர்ந்த மூன்றாவது. மூலச்சொல்லே அரைகுறை. அதை அப்படியே பெயர்த்தால் குழப்பமும் கூடவே வரும்.

ஓபன்சிம் என்ற உடலியக்க மென்பொருளில் தசைக்குக் 'களைப்பு' என்று புது மாறி (மதிப்பு மாறக்கூடிய அளவு) சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான 'ஆட்ஸ்டேட்வேரியபிள்' (addStateVariable) என்ற செயற்கூறு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, புரொடெக்டட் வகை. பைத்தான் நிரல்மொழியிலிருந்து அழைத்தால் அப்படி ஒன்றே இல்லை என்று பிழை வரும். 'பாதுகாக்கப்பட்ட' என்று படித்த மாணவர் கடவுச்சொல் தேடுவார், நிர்வாகி அனுமதி கேட்பார், உரிமத்தில் கோளாறோ என்று மென்பொருளை மறுபடி நிறுவுவார். பூட்டு எதுவும் இல்லை. ஓபன்சிம்மில் ஏற்கெனவே உள்ள மில்லர்ட் தசை மாதிரியிலிருந்து சி++-இல் ஒரு வாரிசு இனக்குழு எழுத வேண்டும், அவ்வளவுதான். அதில் 'எக்ஸ்டெண்ட்ஆட்டுசிஸ்டம்' (extendAddToSystem) செயற்கூறை மறுவரையறை செய்து, முதல் வரியில் தாய் இனக்குழுவின் அதே செயற்கூறை அழைத்து, பிறகு களைப்பைச் சேர்க்க வேண்டும். அந்த முதல் வரி விட்டுப்போனால் செயலூக்கம் (activation), தசையிழை நீளம் ஆகிய பழைய மாறிகள் உருவாகவே மாட்டா. களைப்பு எவ்வளவு வேகமாக மாறும் என்ற சமன்பாட்டையும் தனியே தர வேண்டும். புது இனக்குழுவைப் பதிவு செய்யாவிட்டால், மாதிரிக் கோப்பைத் திறக்கும்போது மென்பொருளுக்கு அந்தத் தசை யாரென்றே தெரியாது.

ஆகவே என் சொல் 'வாரிசுக்குரிய'. வாரிசு அரபுச் சொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'வழித்தோன்றலுக்குரிய' என்று எழுதிக்கொள்ளட்டும், பொருள் கெடாது. வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் படியேறியவருக்கு என் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 'புரொடெக்டட் மெம்பர்' என்பதைப் 'பாதுகாக்கப்பட்ட உறுப்பு' ஆக்குவது இன்னும் மோசம். கால் மாதிரி செய்கிற இடத்தில் உறுப்பு என்றால் முழங்காலா, நிரல் வரியா?

'பிரைவேட்' என்பதைத் 'தனியார் மாறி' ஆக்குகிறார்கள். அது என்ன, பஸ் கம்பெனியா? எல்லாவற்றுக்கும் மேல் 'ஸ்டேட் வேரியபிள்' ஆகிவிட்ட 'மாநில மாறி'. இயந்திரம் பெயர்த்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் கூசியிருக்கும். 1989-இல் வடஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. நாம் மாவட்டம் மாறியிருக்கிறோம். தசை எந்த மாநிலத்துக்கு மாறியது?

'நிலை மாறி' என்பதே சரி, ஆனால் பிரித்து எழுதினால் வினையெச்சமாகிவிடும். 'தசையின் நிலை மாறி 0.4 ஆகிறது' என்றால், நிலை மாறிய பிறகு 0.4 ஆனதா, மாறியின் மதிப்பே 0.4 ஆ? சேர்த்து எழுதி வேற்றுமை உருபையும் ஒட்டுங்கள்: 'நிலைமாறியின் மதிப்பு 0.4'.